டெக் டைவிங் சாமான்ல எது நியாயமான விலை, எது கொள்ள: ஹெர்மிஸ் பாக்க ஆசப்பட்ட தம்பிக்கு

தம்பி கேட்டது இதுதான். அவருக்கு ஸ்கூபா டைவிங்ல அட்வான்ஸ்டு கார்டு இருக்கு, அறுபது டைவ் முடிச்சாச்சு, மட்டக்களப்புக்கு வெளிய கடல்ல கெடக்குற ஹெர்மிஸ் கப்பல போய் பாக்கணும்னு ஆச. இன்ஸ்ட்ரக்டர்கிட்ட கேட்டதுக்கு, அதுக்கு தனியா டெக் கோர்ஸ், அதாவது சாதா எல்லையத் தாண்டி ஆழமா போறதுக்கான பயிற்சி, பண்ணணும், தனி சாமான் வேணும்னு ஒரு லிஸ்ட் குடுத்துருக்காரு. கூட்டிப் பாத்தா மூணு லட்சத்த தாண்டுது, ரீப்ரீதர், அதாவது விட்ட மூச்சையே சுத்தம் பண்ணி திரும்பத் தர்ற மெஷின், அந்தப் பக்கம் போனா பத்து லட்சம்னு வேற சொல்லிருக்காரு. "ரெண்டு ரப்பர் ஹோஸ், ஒரு பித்தளக் கட்டி, ஒரு காத்துப் பை, இதுக்கா மூணு லட்சம், நம்மள ஏமாளின்னு நெனச்சுட்டாங்களா"ன்னு கேக்குறாரு.

பாதி ஆமா, பாதி இல்ல. எந்தப் பாதி எதுன்னுதான் சொல்ல வர்றேன். நான் வளைகுடால ஒரு டைவ் கடைல ஒம்பது வருஷம் ரெகுலேட்டர், அதாவது சிலிண்டர் காத்த வாய்க்கு ஏத்த அழுத்தத்துக்கு இறக்கித் தர்ற சாமான், கழட்டி மாட்டுன ஆளு, விக்கிற பக்கமும் நின்னுருக்கேன், வாங்குற பக்கம் நின்னு பல்லயும் கடிச்சிருக்கேன். கொஞ்சம் நீளமா போகும், டீ போட்டுட்டு வந்து உக்காருங்க.

மொதல்ல அந்தக் கப்பல பத்தி. ஹெர்மிஸ் பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல், 1942 ஏப்ரல் 9 அன்னிக்கு ஜப்பான் விமானங்க குண்டு போட்டு மூழ்கடிச்சது, முன்னூறு பேருக்கு மேல அதுலயே போய்ட்டாங்க. அடி மணலு 53 மீட்டர் கிட்ட இருக்கு. நம்ம சாதா டைவிங்கோட எல்லை 40 மீட்டர். அப்ப வெறும் 13 மீட்டர்தான கூடன்னு தோணும், ஆனா விஷயம் ஆழத்துல இல்ல, மேல வர்றதுல இருக்கு. நீங்க புதுச்சேரில 18 மீட்டர்ல இருக்கும்போது ரெகுலேட்டர் புட்டுக்கிச்சுன்னு வைங்க, கூட வந்தவரோட ரெகுலேட்டர வாயில வெச்சுட்டு மெதுவா மேல வந்துடலாம், அவ்ளோதான், போட்ல ஏறி ரெண்டு கெட்ட வார்த்த சொல்லிட்டு பிஸ்கட் சாப்டலாம். ஹெர்மிஸ்ல 20 நிமிஷம் இருந்துட்டீங்கன்னா நேரா மேல வர முடியாது. 21 மீட்டர், 12, 9, 6ன்னு நின்னு நின்னு வரணும், அதுக்கே கிட்டத்தட்ட அரை மணி ஆகும், ஏன்னா ஒடம்புக்குள்ள கரைஞ்ச வாயு மெதுவா வெளிய வரணும், அவசரப்பட்டா ரத்தத்துலயும் முதுகுத்தண்டுலயும் குமிழியாயிடும். தலைக்கு மேல கண்ணுக்குத் தெரியாத ஒரு காங்கிரீட் தளம் இருக்குன்னு வெச்சுக்கோங்க. என்ன ஒடஞ்சாலும் அந்தத் தளத்துக்குக் கீழ இருந்தே சமாளிச்சாகணும்.

அந்த லிஸ்ட்ல இருக்குற சாமான்ல பெரும்பாலானது இதுக்காகத்தான் இருக்கு. எல்லாம் ரெண்டு ரெண்டா போட்டுருக்காரேன்னு உங்களுக்கு எரிச்சலா இருக்கும். ரெகுலேட்டரோட ரெண்டு பாகமான ஃபர்ஸ்ட் ஸ்டேஜ், செகண்ட் ஸ்டேஜ் ரெண்டு ரெண்டு, டெகோ சிலிண்டருக்கு, அதாவது நின்னு நின்னு மேல வரும்போது இழுக்குற சிலிண்டருக்கு, இன்னொரு செட்டு, ரெண்டு கம்ப்யூட்டர், மூணு லைட்டு, ரெண்டு மாஸ்க். வெல ஏறுனதுல பாதி இந்தப் பெருக்கல் வாய்ப்பாடுதான், பொருளோட தனி வெல சாதா டைவர் வாங்குற நல்ல பொருளவிட ரொம்பவும் கூட இல்ல.

காத்துக் கணக்கு ஒண்ணு போட்டுப் பாருங்க, நானே போடுறேன். சும்மா மெதுவா நீந்துற ஆளு தரைல நிமிஷத்துக்கு 20 லிட்டர் காத்து இழுப்பாருன்னு வைங்க. தரைல அழுத்தம் 1 பார்னா 53 மீட்டர்ல 6.3 பார், அப்ப 20 பெருக்கல் 6.3, நிமிஷத்துக்கு 126 லிட்டர். நீங்க வழக்கமா மாட்டிக்கிற அலுமினிய சிலிண்டர் 11.1 லிட்டர், 207 பார்ல ஃபுல்லா இருந்தா 2,300 லிட்டர் இருக்கும்னு பெருக்கத் தோணும், நெசத்துல 2,200 பக்கத்துலதான் வரும். அது அங்க 17 நிமிஷம். சொட்டு மிச்சம் வெக்காம, ஒருத்தருக்கும் குடுக்காம. இறங்குற நேரம், ஏறுற நேரம், கூட வர்றவருக்கு எதாவது ஆனா குடுக்க வேண்டிய பங்கு எல்லாம் சேத்தா ஒரு சிலிண்டர்ல அந்த டைவ் நடக்கவே நடக்காது. அதான் ட்வின்செட், ரெண்டு சிலிண்டர சேத்துக் கட்டுனது. அதுக்கு மேல ரெண்டு சிலிண்டரையும் இணைக்கிற மேனிஃபோல்டுன்னு ஒரு குழாய், நடுவுல ஒரு வால்வு. வலது ரெகுலேட்டர் பிச்சுக்கிட்டு ஊத்துனா அந்தப் பக்கத்து வால்வ மட்டும் மூடிட்டு, இடது ரெகுலேட்டர் வழியா ரெண்டு சிலிண்டர் காத்தையும் இழுக்கலாம். 200 பார்ல ஒழுகாம, பின்னால கைய விட்டு திருப்புனா லேசா திரும்புற மாதிரி, உப்புத்தண்ணில வருஷக்கணக்கா கெடந்தாலும் பிடிச்சுக்காம இருக்குற வால்வு செய்யுறது வெளாட்டு இல்ல. அந்தக் குழாய்க்கு குடுத்த காசுக்கு நான் இதுவரைக்கும் வருத்தப்பட்டதில்ல.

இப்ப அந்த "பித்தளக் கட்டி", அதான் ரெகுலேட்டர். என் பொழப்பே அதுலதான் ஓடுச்சு, அதனால கொஞ்சம் பாசம் ஜாஸ்தி. சிலிண்டர்ல 200 பார், வாய்க்கு வேண்டியது அந்த ஆழத்து அழுத்தம், அதுக்கு மேலயும் கூடாது கீழயும் கூடாது. ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் அத சுத்தி இருக்குற தண்ணி அழுத்தத்தவிட ஒரு 9, 10 பார் கூடுதலா இருக்குற அளவுக்கு இறக்கும், வாயில இருக்குற செகண்ட் ஸ்டேஜ் மிச்சத்த இறக்கும். ஒவ்வொரு மூச்சுக்கும் இது தெறந்து மூடணும். சிலிண்டர் 200ல இருந்து 50க்கு எறங்குனாலும், நீங்க 50 மீட்டர்ல இருந்து 6 மீட்டருக்கு வந்தாலும் இழுக்குற பாடு மாறக் கூடாது. உள்ள ஒரு சின்ன ப்ளாஸ்டிக் சீட்டு, சட்டப் பட்டன் சைஸ்தான், அது மேல கத்தி முன மாதிரி சீவுன ஒரு உலோக விளிம்பு வந்து உக்காரும். அந்த விளிம்புல முடி அளவுக்கு ஒரு கீறல் இருந்தா போதும், மூடுன பிறகும் காத்து கசியும், நடு அழுத்தம் மெல்ல மெல்ல ஏறும், ஐ.பி. ஏறுதுன்னு நாங்க சொல்லுவோம், கேஜ்ல முள்ளு நிக்காம நகந்துக்கிட்டே இருக்கும். கொஞ்ச நேரத்துல செகண்ட் ஸ்டேஜ் தாங்காம தானா ஊத்த ஆரம்பிச்சுடும். பூதக்கண்ணாடி வெச்சு பாத்தாதான் அந்தக் கீறல் தெரியும், எத்தன தடவ ஒரு நாள் பூரா தேடியிருக்கேன் தெரியுமா.

இதுல யூரோப்ல விக்கணும்னா ஈ.என். 250ன்னு ஒரு தரம் இருக்கு, அதுல பாஸ் ஆகணும். ஒரு மெஷின் அதுக்கு நுரையீரல் மாதிரி மூச்சு விடும், 50 மீட்டர் ஆழத்து அழுத்தத்துல, நிமிஷத்துக்கு 62.5 லிட்டர், அதாவது ஒரு மனுசன் பயந்து போய் இரைக்கிற வேகத்துல. அப்பவும் ஒரு லிட்டர் காத்துக்கு ஆகுற உழைப்பு 3 ஜூலத் தாண்டக் கூடாது. அப்புறம் 4 டிகிரி குளுந்த தண்ணிலயும் சோதிப்பாங்க, ஏன்னா 200 பார் காத்து விரியும்போது ஜில்லுனு ஆயிடும், உள்ள ஐஸ் கட்டி வால்வு தெறந்தபடியே நின்னுடும். மட்டக்களப்புல தண்ணி வெதுவெதுன்னு இருக்கும், உங்களுக்கு அந்த ஐஸ் கத வேண்டாம், ஆனா ஸ்வீடன்ல ஏரில எறங்குறவருக்கு வேணும், ரெண்டு பேருக்கும் ஒரே மாடல்தான் செய்யுறாங்க, காச ரெண்டு பேரும் பங்கு போட்டுக்குறீங்க.

பங்கு போடுறதுன்னு சொன்னேன்ல, அடுத்த பெரிய காரணமே அதுதான். ஒரு செல்போன் மாடல் கோடிக்கணக்குல விக்கும், அத டிசைன் பண்ண செலவு, அச்சு செஞ்ச செலவு, டெஸ்ட் செலவு எல்லாம் ஆளுக்கு அஞ்சு பத்து ரூபான்னு கரைஞ்சுடும். டெக் டைவிங் சாமான் ஆயிரத்துலதான் விக்கும், சிலது நூத்துல. அச்சு செலவு மட்டும் கொறையவே கொறையாது. இதுக்கு கண்ணுக்குத் தெரியுற உதாரணம் வேணும்னா அண்டர்வாட்டர் கேமரா ஹவுசிங் பாருங்க, கேமராவவிட அந்த டப்பா வெல ஜாஸ்தியா இருக்கும். ஒரு முழு அலுமினியக் கட்டிய மெஷின்ல குடைஞ்சு எடுத்து, ஒவ்வொரு பட்டனுக்கும் தனியா ஒரு தண்டு, ஒவ்வொரு தண்டுக்கும் ஓ-ரிங். அடுத்த வருஷம் கேமரா கம்பெனி ஒரு பட்டன அரை இஞ்ச் தள்ளி வெச்சா போச்சு, மொத்த டப்பாவும் புதுசா செய்யணும், பழச வித்தா பாதி வெலக்கும் ஆள் வராது.

கம்ப்யூட்டர் கதயும் இப்படித்தான், இதுல ஒரு வேடிக்க இருக்கு. எந்த ஆழத்துல எவ்ளோ நேரம் நிக்கணும்னு உள்ள ஓடுற கணக்கு ரகசியமே இல்ல, சூரிக்ல பூல்மான்னு ஒரு டாக்டர் பல வருஷம் ஆராஞ்சு 1983லயே புத்தகமா போட்டுட்டாரு, இன்னிக்கு பாதி கம்ப்யூட்டர்ல அந்த வம்சந்தான் ஓடுது, இன்டர்நெட்ல ஓசிலயே கிடைக்கும். அப்ப ஏன் டெக் கம்ப்யூட்டர் லட்ச ரூபாய்க்குப் பக்கத்துல வருது? நூறு மீட்டருக்கு மேலயும் தாங்குற டப்பா, ஆழத்த சில சென்டிமீட்டர் கணக்குல சொல்ற சென்சார், அஞ்சு வகை வாயு மாத்துனாலும் கொழம்பாத சாஃப்ட்வேர், கண்ணு மங்குற எடத்துலயும் தெரியுற ஸ்க்ரீன், கடைல வாங்குற சாதா பேட்டரிய போட்டு ஓட்டலாங்குற வசதி, எல்லாத்துக்கும் மேல தப்பா கணக்கு சொன்னா கோர்ட்டுக்கு இழுப்பாங்கங்குற பயம். அந்த பயத்துக்கு இன்சூரன்ஸ் கட்டணும், அதுவும் வெலலதான் ஏறும். ஆப்பிள் 2022ல அல்ட்ரா வாட்ச் விட்டப்ப எல்லாரும் டைவ் கம்ப்யூட்டர் கம்பெனிங்க காலின்னாங்க, நானும் கொஞ்சம் நம்புனேன். ஆனா அத்தன காசு இருக்குற கம்பெனியே 40 மீட்டரோட நிறுத்திக்கிச்சு. அதுக்குக் கீழ எறங்குற கூட்டம் அவங்களுக்கு ஒரு கூட்டமே இல்ல, வில்லங்கம் மட்டும் ஜாஸ்தி.

நீங்க அடுத்து கேக்கப் போறதும் தெரியும். தூத்துக்குடி பக்கம் சங்கு குளிக்கிறவங்க கம்ப்ரஸர் ஹோஸ வாயில வெச்சுட்டு போறாங்களே, அவங்களுக்கு எங்க மூணு லட்சம்? சரிதான், போறாங்க, அதுல என்ன ஆகுதுன்னும் பாக்கணும். ஹோண்டுராஸ், நிகராகுவால மிஸ்கிடோ ஜனங்க லாப்ஸ்டர் பிடிக்க கேஜ் இல்லாத சிலிண்டர கட்டிட்டு ஒரு நாளைக்கு பத்து தடவைக்கு மேல எறங்குறாங்க, இளவயசுலயே இடுப்புக்குக் கீழ உணர்ச்சி போய் வீல்சேர்ல இருக்குறவங்க அங்க ஊருக்கு ஊரு இருக்காங்க. அவங்க தைரியசாலிங்க இல்லன்னு யாரும் சொல்லல. செலவ கைல குடுக்கல, கால்ல குடுத்தாங்க.

சரி, ஹீலியத்துக்கு வருவோம். 53 மீட்டர்ல சாதா காத்த இழுத்தா ரெண்டு பிரச்சன. ஒண்ணு நைட்ரஜன் போத, நாலு பெக் உள்ள போன மாதிரி, கேஜ பாப்பீங்க, நம்பரும் தெரியும், அதுக்கு என்ன அர்த்தம்னு மண்டைல ஏறாது. ரெண்டாவது பலருக்குத் தெரியாது, காத்து அங்க கெட்டியாயிடும், லிட்டருக்கு 8 கிராம் வரைக்கும் வரும், 6.2 கிராமத் தாண்டக் கூடாதுன்னு இப்ப சொல்றாங்க, ஏன்னா கெட்டிக் காத்த முழுசா வெளிய தள்ள முடியாம ஒடம்புல கார்பன் டை ஆக்சைடு சேந்துடும். அதுக்குத்தான் ட்ரைமிக்ஸ், 18 பங்கு ஆக்சிஜன், 45 பங்கு ஹீலியம், மிச்சம் நைட்ரஜன். அதப் போட்டா 5 கிராம்தான் வரும். ட்வின்செட் 4,400 லிட்டர்னா அதுல 2,000 லிட்டர் ஹீலியம், ஒரே ஒரு டைவுக்கு. ஹீலியம் செய்யுற பொருள் கெடையாது, அமெரிக்கா, கத்தார் மாதிரி சில நாட்டுல இயற்கை வாயுவோட கூட வர்றத பிரிச்சு எடுக்குறாங்க, எம்.ஆர்.ஐ. மெஷினுக்கும் சிப் ஃபேக்டரிக்கும் போனது போக மிச்சந்தான் நமக்கு. பலூன்காரருக்கு அடுத்த எடத்துல நிக்கிறோம், அவ்ளோதான் நம்ம மரியாத.

இந்த ஹீலியம் செலவுதான் மனுசன ரீப்ரீதர் பக்கம் தள்ளுது. நாம வெளிய விடுற மூச்சுல 16 சதவீதம் ஆக்சிஜன் மிச்சம் இருக்கு, ஒடம்பு எடுத்துக்குறது கொஞ்சூண்டு, எந்த ஆழத்துலயும் நிமிஷத்துக்கு ஒரு லிட்டர் கிட்டத்தான். 126 லிட்டர் இழுத்து 125 லிட்டர கடலுக்கு குடுக்குறோம், மீனுக்கு எதுக்குங்க ஹீலியம்? ரீப்ரீதர் அந்த மூச்ச திரும்ப சுத்தம் பண்ணி தரும். சோடா லைம்னு ஒரு மாவுக் கல்லு, ரெண்டு ரெண்டர கிலோ டப்பால ரொப்பிருக்கும், அது கார்பன் டை ஆக்சைட புடிச்சுக்கும். கொறையுற ஆக்சிஜன ஒரு சின்ன எலெக்ட்ரிக் வால்வு சொட்டு சொட்டா சேக்கும். 1997ல இன்ஸ்பிரேஷன்னு ஒரு பிரிட்டிஷ் மெஷின் வந்த பிறகுதான் இது பட்டாளத்த விட்டு நம்மள மாதிரி ஆளுங்க கைக்கு ஒழுங்கா வந்துச்சு.

இதுக்கு பத்து லட்சம் கேட்டா நான் வாய மூடிட்டு குடுத்துடுவேன், இருந்தா. ஏன்னா சாதா ரெகுலேட்டர் கெட்டுப் போனா சத்தம் போடும், குமிழி அடிக்கும், வாய்க்கு காத்து வராது, உங்களுக்குத் தெரியும். ரீப்ரீதர் கெட்டா ஒண்ணும் தெரியாது. மூச்சு சுகமா போயிட்டே இருக்கும், உள்ள ஆக்சிஜன் கொறஞ்சுக்கிட்டே வரும், தூக்கம் வர்ற மாதிரி கண்ண மூடிடுவீங்க, அவ்ளோதான் கத. அதனால உள்ள மூணு ஆக்சிஜன் சென்சார் வெச்சு ஓட்டெடுப்பு நடத்துவாங்க, ரெண்டு ஒரே மாதிரி சொன்னா மூணாவத தள்ளிடும். அதுலயும் ஒரு வில்லங்கம், மூணும் ஒரே நாள்ல வாங்குனதுன்னா ரெண்டு சேந்தாப்ல கிழடாகி ஒரே பொய்ய சொல்லும், ஒழுங்கா இருக்குற ஒண்ண வெளிய தள்ளிடுவாங்க, நம்ம ஊரு பஞ்சாயத்து மாதிரியே. அதுக்காக நாங்க ஒண்ணொண்ணா வேற வேற மாசத்துல மாத்துவோம். அந்த செல்லு ஒவ்வொண்ணும் ஒரு சின்ன பேட்டரிதான், உள்ள ஈயம் கரைஞ்சுக்கிட்டே இருக்கும், நீங்க டைவ் போனாலும் போகாட்டியும் ஒரு வருஷம், ஒண்ணர வருஷத்துல செத்துடும், மூணுக்கும் சேத்து இருபதாயிரம் பக்கம் எடுத்து வைக்கணும். பத்து லட்சம் வாங்குற வெல மட்டுந்தான், கட்டிக்கிட்ட பிறகு அதுக்கு தீனி போட்டுக்கிட்டே இருக்கணும்.

உங்க ஹெர்மிஸுக்கு ரீப்ரீதர் வேணுமான்னா, வேண்டாம். வருஷத்துக்கு முப்பது ஆழமான டைவ் போறவருக்குத்தான் அந்தக் கணக்கு கட்டுபடி ஆகும். அதவிட கொறச்சலா போனா கை பழக்கமும் விட்டுடும், அது இன்னும் ஆபத்து.

இப்ப கொள்ளைக்கு வர்றேன். பேக்ப்ளேட்னு லிஸ்ட்ல இருபதாயிரம் போட்டுருக்காரு பாருங்க, அது சிலிண்டர முதுகுல மாட்டுறதுக்கு வளைச்ச தகடு, வேற ஒண்ணுமே இல்ல. 3 மில்லி 316 ஸ்டீலு, நடுவுல ரெண்டு ஓட்ட, ரெண்டுக்கும் நடுவுல 11 இஞ்ச். நான் படம் வரைஞ்சு நம்ம ஊரு லேத்துல குடுத்தேன், அந்த அண்ணன் "இது என்ன தம்பி, ஆமை ஓடா"ன்னு கேட்டுட்டு ரெண்டு நாள்ல செஞ்சு குடுத்தாரு, பதினோரு வருஷமா முதுகுல இருக்கு. ஓரத்த மட்டும் நல்லா தேச்சு மழமழன்னு ஆக்கச் சொல்லுங்க, இல்லன்னா வாரு அறுந்துடும். ஸ்பூலு, ரீலு எல்லாம் ஒரு ப்ளாஸ்டிக் சக்கரமும் கயிறும், பாதி வெலதான் நியாயம். துடுப்பு பழைய ரப்பர் மாடலே போதும், 1960கள்ல வந்த டிசைன் இன்னும் விக்குது, டெக் டைவருங்க பாதிப் பேரு அததான் போடுறாங்க. எல்லாத்தையும் கருப்பு பெயின்ட் அடிச்சு "டெக்"னு பேரு போட்டா ஒரு மூவாயிரம் ஏத்துறாங்க, அந்த கருப்புக்கு காசு குடுக்காதீங்க.

லைட்டுல மட்டும் என் புத்திய கேட்டு நடக்காதீங்கன்னு சொல்லணும், ஏன்னா நான் செஞ்ச தப்பு அது. ஆன்லைன்ல மூணாயிரத்துக்கு ஒரு டார்ச், 100 மீட்டர் தாங்கும்னு போட்டுருந்துச்சு, வாங்கிட்டு ஒரு கப்பலுக்குள்ள போனேன், நாப்பது மீட்டர்ல தண்ணி பூந்து பொசுக்குன்னு அணஞ்சுது. உள்ள கும்மிருட்டு, கைல பிடிச்சிருந்த கயிறு எந்தப் பக்கம் போகுதுன்னு தடவிப் பாத்துட்டு நின்னேன். ஸ்பேர் லைட்ட இடுப்புல இருந்து எடுத்து போடுறதுக்கு ஆன அந்த பத்து செகண்ட் இருக்கே, சரி விடுங்க. மேல வந்து கழட்டிப் பாத்தா ஓ-ரிங் ஒக்கார்ற பள்ளத்துல அச்சுல வார்த்த தழும்பு அப்படியே இருக்கு. அந்தப் பள்ளத்த தேச்சு சரி பண்றதுக்கும் ஒவ்வொண்ணையும் அழுத்தத்துல வெச்சு சோதிக்கிறதுக்குந்தான் நல்ல லைட்டுக்காரன் மிச்ச காச வாங்குறான். ஸ்பேரு ரெண்டும் சின்னதா இருந்தாலும் நல்லதா வாங்குங்க.

அதே மாதிரி டெகோ சிலிண்டரோட ரெகுலேட்டர்லயும் மிச்சம் பிடிக்காதீங்க. அதுல 50 சதவீத ஆக்சிஜன் போகும், 40 சதவீதத்துக்கு மேல போனா உள்ள எண்ணப் பிசுக்கு துளி இருந்தாலும் தீப்பிடிக்க வாய்ப்பு இருக்கு, அதுக்குன்னு தனியா சுத்தம் பண்ணி, தனி ஓ-ரிங், தனி கிரீஸ் போடணும், அந்த கிரீஸ் ட்யூப் இருக்கே, வெள்ளி வெலக்கு விக்கும். டைட்டானியம் ரெகுலேட்டர்னு யாராவது எளப்பமா விக்கிறாங்கன்னு இதுக்கு வாங்கிடாதீங்க, ஆக்சிஜன்ல டைட்டானியம் நல்லா எரியும்.

அப்புறம் நம்ம ஊரு செலவு தனி. எல்லாம் வெளிநாட்டு சரக்கு, கஸ்டம்ஸ், ஜி.எஸ்.டி., இறக்குமதியாளர் பங்கு, கடைக்காரர் பங்கு. சிலிண்டர்னா வெடிபொருள் பாதுகாப்பு ஆபீஸ், பெசோன்னு சொல்லுவாங்க, அவங்க அனுமதி இல்லாம உள்ளயே வராது. அதனால சிலிண்டர் வாங்குற நெனப்ப விட்டுடுங்க, போற எடத்துல வாடகைக்கு எடுங்க. கோர்ஸ் முடியுற வரைக்கும் ரெகுலேட்டர் செட்டையும் வாடகைக்கே கேளுங்க. டெக் கத்துக்கிட்டு ரெண்டு டைவ்ல போதும்டா சாமின்னு போறவங்க நெறைய பேரு, அவங்க வித்துட்டுப் போற செட்டுதான் அப்புறம் நீங்க பாதி வெலக்கு வாங்கப் போறது. வாங்குனதும் ஒரு தடவ முழுசா கழட்டி சர்வீஸ் பண்ணிடுங்க, வித்தவரு போன மாசந்தான் பண்ணேன்னு சத்தியமே பண்ணாலும் சரி.

நான் கணக்கு போட்டதுல உங்க லிஸ்ட் மூணுல இருந்து ஒண்ணே முக்காலுக்கு எறங்குது. கம்ப்யூட்டர் ஒண்ணு நல்லது, இன்னொண்ணு பழைய மாடல், பேக்ப்ளேட் லேத்துல, சிலிண்டர் வாடகை. கிழக்குக் கடல் மே-ல இருந்து செப்டம்பர் வரைக்கும்தான் அமைதியா இருக்கும், இந்த வருஷம் கோர்ஸ், அடுத்த வருஷம் கப்பல்னு வெச்சுக்கோங்க. கடைசியா லிஸ்ட்ல கொக்கி பன்னண்டுன்னு எழுதி எட்டாயிரம் போட்டுருக்காரே, அத அடிச்சுடுங்க, ஹார்பர் பக்கம் போட் சாமான் விக்கிற கடைல அதே ஸ்டெயின்லெஸ் கொக்கி கிடைக்கும், காந்தம் ஒண்ணு எடுத்துட்டுப் போங்க, நச்சுனு ஒட்டுச்சுன்னா அது கடலுக்கு ஆகாது.